தாளில் உலர்ந்த காந்தள்

கார்த்திகை மாத மாலையொன்றில், திருவெறும்பூர்க் குன்றின் மேலுள்ள சோழர் காலக் கோயிலின் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினோம். ஊருக்கு வெளியே ஒரு வேலியில் செங்காந்தள் படர்ந்து பூத்திருந்தது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் முதலாவது இதுவே. 'மலைக்குரிய மலராக இலக்கியம் காட்டும் இது, இந்தச் சமவெளியில் எவ்வளவு காலமாக இருக்கிறது?' என்று எங்களுள் ஒருவர் கேட்டார்.

கொடை தந்தவர் யார், எந்த அரசரின் எத்தனையாவது ஆட்சியாண்டில் தந்தார் என்பதைக் கல்வெட்டு சொல்லும், வேலிச்செடியைச் சொல்லாது. பாட்டு பூவின் நிறத்தைச் சொல்லும். பூத்த ஊரையும் நாளையும் சொல்லாது. அவ்விரண்டையும் சொல்லும் சான்று உலர்தாவரத் தாள். செடியைக் காகிதங்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி, சேகரித்தவர் பெயர், இடம், நாள் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வைப்பர். காந்தளின் செம்மையும் மஞ்சளும் உலர்ந்தால் பழுப்பாகிவிடும். ஆகவே நிறத்தையும் எழுதியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்பணி தரங்கம்பாடியில் வேர்விட்டது. லின்னேயசின் மாணவரான கோனிக் 1768ல் அங்கு வந்தார். அவர் வழியில் செடிகளைத் திரட்டிய ராட்லர் பாதிரியார்தாம், 1834 முதல் வெளியான தமிழ்–ஆங்கில அகராதியையும் தொகுத்தவர். சொல்லையும் செடியையும் ஒருவரே சேகரித்திருக்கிறார்! அவருடைய தாள்கள் பின்னாளில் இலண்டனிலுள்ள கியூ தோட்டத்தைச் சென்றடைந்தன.

நம் ஊர்ச் செடிகளைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டியிருந்த நிலையைத் திருச்சிராப்பள்ளியில் மாற்ற முயன்றவர் கே.எம். மாத்யூ அடிகள். 1967ல் தூய வளனார் கல்லூரியில் இராபினாட் உலர்தாவரகத்தை நிறுவினார். சமவெளிகளிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் அவரும் மாணவர்களும் திரட்டியவற்றின் பயனாக, 'தமிழ்நாடு கர்நாடிக் தாவரங்கள்' பற்றிய ஆங்கிலத் தொகுதிகள் 1981 முதல் வெளிவந்தன. மாத்யூ அடிகள் 2004ல் மறைந்தார்.

அந்த ஆண்டை எண்ணிப் பாருங்கள். 1960களில்தான் பாரத மிகுமின் நிறுவனமும் துப்பாக்கித் தொழிற்சாலையும் திருவெறும்பூர்ப் பகுதியின் முகத்தை மாற்றத் தொடங்கின. புதர்க்காடுகள் குடியிருப்புகளாகிய அதே காலத்தில், சில கல் தொலைவில் ஒரு கல்லூரி செடிகளைப் பதியத் தொடங்கியது.

காந்தளுக்கு வேறோர் இடரும் உண்டு. கீல்வாத மருந்தான கோல்சிசின் இதன் விதையிலும் கிழங்கிலும் உள்ளது. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சிப் பகுதிகளில் பயிரிடுகின்றனர். நடுவதற்கான கிழங்கைக் காடுகளிலிருந்தும் தோண்டியெடுத்தனர். ஆகவே 'முன்பு எங்கே இருந்தது?' என்ற வினாவுக்கு விடை தேவைப்படுகிறது. ஒரே ஊரின் பழைய தாளையும் புதிய தாளையும் ஒப்பிட்டால், செடி நிலைத்திருப்பதும் பூக்கும் மாதம் மாறியிருப்பதும் தெரியவரலாம்.

ஓர் எச்சரிக்கை. தாள் இல்லாத ஊரில் செடியும் இல்லையென்று முடிவுகட்டக் கூடாது. சேகரித்தவர் அவ்வழி போகாமலும் இருந்திருக்கலாம். கல்வெட்டுப் படியாத ஊருக்கும் வரலாறு உண்டல்லவா?

நாங்கள் அந்தப் பூவைப் பறிக்கவில்லை. நாள், இடம், நிறம் மூன்றையும் கல்வெட்டுக் குறிப்பேட்டிலேயே எழுதி வைத்தோம். அடுத்த கார்த்திகையில் அந்த வேலியைத் தேடிச் செல்லவிருக்கிறோம்.