மூத்த சிஸ்டரின் கோபம் ஏன் புதியவள் மேல் விழுகிறது?

போன மாதம் இரவு 11 மணிக்கு எங்கள் பகுதிப் பெண் ஒருத்தி போன் செய்தாள். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள், எங்கள் தெருவின் முதல் நர்ஸ். ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. "அண்ணே, என்னால முடியல. விட்டுட்டு வந்துடலாம்னு இருக்கேன்" என்றாள்.

சம்பளம் குறைவு என்று தெரிந்துதான் போனாள். நைட் டியூட்டி கடினம் என்பதும் தெரியும். அவளை உடைத்தது வேறு. சேர்ந்த முதல் நாளே ஒரு மூத்த சிஸ்டர், "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு யாரும் விரும்பாத ஷிஃப்ட் எல்லாம் இவளுக்கு. சந்தேகம் கேட்டால், "இதுகூடத் தெரியாம எப்படிப் பாஸ் பண்ணின?" என்று நோயாளிகள் முன்னால் ஏளனம். கடைசியில் அவள் கேட்டாள்: "அவங்களும் கஷ்டப்பட்டுத்தானே அண்ணே வந்தாங்க? அப்புறம் ஏன் இப்படி?"

தோழர்களே, இந்தக் கேள்விக்குப் பதில் அந்த ஒரு சிஸ்டரின் குணத்தில் இல்லை. இந்தத் தொழில் இந்த நாட்டில் எப்படிக் கட்டப்பட்டது என்ற வரலாற்றில் இருக்கிறது.

தீட்டும் ஊதியமும்

ரத்தம், சீழ், மலம், பிரசவம், பிணம் எல்லாமே சாதியச் சமூகத்துக்குத் தீட்டு. அதைத் தொடும் வேலை யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியும். தமிழகக் கிராமங்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் பெரும்பாலும் நாவிதர் சமூகப் பெண்கள். வட இந்தியாவின் பல பகுதிகளில் தொப்புள்கொடியை அறுத்தவர்கள் தலித் பெண்கள். உயிரைக் கையில் வாங்கியவளையே வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகம் இது.

1871இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியபோது, ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்பவில்லை. அரசு மருத்துவமனைகளும் மிஷன் மருத்துவமனைகளும் ஆங்கிலோ இந்தியப் பெண்களையும், கிறித்தவக் குடும்பப் பெண்களையும், விதவைகளையும், ஆதரவற்றோர் இல்லங்களில் வளர்ந்தவர்களையும் நம்பியே நடந்தன. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். இப்படிப்பட்ட பள்ளிகள் ஒடுக்கப்பட்ட பெண்கள் பலருக்குப் படிப்பையும் சொந்தச் சம்பளத்தையும் கொடுத்தன. அதை நாம் மறக்கக் கூடாது. ஆனால் அதிகாரம் உள்ள மேட்ரன் பதவிகளில் நெடுங்காலம் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்களே இருந்தார்கள்.

பயிற்சி முறையிலும் ஒரு கோளாறு இருந்தது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் தொடங்கிய பள்ளியின் வழியில், மாணவிகள் வார்டில் வேலை செய்துகொண்டே கற்றார்கள். மருத்துவமனைகள் இதில் ஒரு லாபத்தைக் கண்டன. மாணவி என்றால் மலிவான கை. கற்க வந்தவளை வேலையாளாக நடத்தும் வழக்கம் இங்கும் வந்து வேரூன்றியது. புதியவள் படும் பாட்டின் தொடக்கம் அங்கேதான்.

70 ஆண்டுகள், நான்கு குழுக்கள்

1946இல் போர் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் இருந்த செவிலியர்கள் சுமார் 7,000 பேர். அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர். அப்போது பிரிட்டனில் 300 பேருக்கு ஒருவர் இருந்தார். ஆள் இல்லாததால் நீண்ட வேலை நேரம், மோசமான தங்குமிடம், குறைந்த சம்பளம். அதனாலேயே புதிதாக ஆள் வராத நிலை. இந்தச் சுழலை அந்த அறிக்கையே காட்டியது.

1954இல் செவிலியரின் பணி நிலைமைகளை ஆராய ஷெட்டி குழு. 1987இல் சரோஜினி வரதப்பன் தலைமையில் உயர்நிலைக் குழு. அதன் அறிக்கை 1989இல் வந்தது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு இன்னொரு குழு. 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. நிறைவேற்றும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. கேரளத்தில் செவிலியர்கள் சங்கமாகத் திரண்டு பல ஆண்டுகள் போராடியதால் 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் அரசாணையானது. அதைக் கொண்டுவந்தது போராட்டம்.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளே என்ன செய்தன? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வில் வென்று வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கை பொய்த்தபோது, 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். ஒரே வார்டில், ஒரே வேலைக்கு, ஒருவருக்கு நிரந்தரச் சம்பளம், பக்கத்தில் நிற்பவருக்கு அதில் ஒரு சிறு பங்கு. இப்படிப் பிரித்து வைத்தால் ஒற்றுமை எங்கிருந்து வரும்?

மேலே பேச முடியாத கோபம்

அமெரிக்காவில் 1974இல் மார்லின் கிரேமர், புதுச் செவிலியர்கள் படித்ததற்கும் வார்டில் பார்ப்பதற்கும் இடையே நொறுங்கிப்போய் வேலையை விடுவதை ஆராய்ந்து நூல் எழுதினார். 1983இல் சூசன் ஜோ ராபர்ட்ஸ் இன்னும் ஆழமாகப் போனார். பாவ்லோ ஃபிரேயரின் சிந்தனையைச் செவிலியருக்குப் பொருத்தினார். ஒடுக்கப்பட்டவர்கள் தங்களை ஒடுக்குபவரை எதிர்க்க முடியாதபோது, அந்தக் கோபத்தைத் தம்மைப் போன்றவர்கள் மேலேயே கொட்டுகிறார்கள் என்பது அவர் வாதம். டாக்டர் திட்டினார், நிர்வாகம் லீவு தரவில்லை, 10 ஆண்டாகச் சம்பளம் ஏறவில்லை. அந்த மூத்த சிஸ்டர் இவர்கள் யாரையும் எதிர்த்துப் பேச முடியாது. புதிதாக வந்தவளைத் திட்டலாம்.

நமக்கு இது புதிய பாடம் அல்ல. அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கியது இதைத்தான். இங்கே ஒவ்வொருவருக்கும் காலடியில் மிதிக்க ஒருவர் கொடுக்கப்பட்டிருக்கிறார். அதனால் மேலே இருப்பவனை எதிர்த்து யாரும் ஒன்றுசேர்வதில்லை. மருத்துவமனையிலும் அதே ஏணி: டாக்டர், சூப்பிரண்டென்ட், ஸ்டாஃப் நர்ஸ், ஒப்பந்த நர்ஸ், மாணவி, ஆயா, துப்புரவுத் தொழிலாளி. தீட்டு வேலை படிப்படியாகக் கீழே தள்ளப்பட்டு, கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் நம் சனத்தின் கையில்.

தலித் மாணவி நர்ஸாகப் போகும்போது இரண்டு ஏணிகளில் ஒரே நேரத்தில் கீழே நிற்கிறாள். புதியவள் என்பதற்காக ஒரு அடி, "எந்தப் பக்கம்?" என்ற கேள்விக்கான பதிலுக்காக இன்னொரு அடி. முதல் அடியை "எல்லாரும் பட்டதுதான்" என்பார்கள். இரண்டாவது அடியை அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒளித்துவைப்பார்கள்.

அவளுக்குச் சொன்னது

அன்று இரவு அவளிடம் நான் சொன்னவை இவைதான். தனியாக முடிவெடுத்து விலகாதே. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யார் கேட்டாலும் கொடுக்காதே. கொடுத்திருந்தால் எழுத்தில் திரும்பக் கேள். நடந்ததைத் தேதியோடு எழுதி வை. பிறர் பார்வையில் படும் இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், அது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். உன்னோடு சேர்ந்த மற்றப் பெண்களோடு பேசு, சங்கத்தைத் தேடு.

இன்னொன்றும் சொன்னேன். ஐந்து ஆண்டில் நீயும் மூத்த சிஸ்டர் ஆவாய். அப்போது புதிதாக வருபவளை எப்படி நடத்துவாய்? இன்றே உன் வார்டைக் கூட்டும் அக்காவை எப்படி அழைக்கிறாய்?

1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, மகர் குடியிருப்பைச் சேர்ந்த நோயுற்ற சிறுவனைத் தன் முதுகில் சுமந்து சிகிச்சைக்குக் கொண்டுவந்தார் சாவித்திரிபாய் பூலே. அந்த நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். எந்த ஏணியையும் பார்க்காத அந்தப் பராமரிப்புதான் நம் மரபு.

அவள் இன்னும் வேலையை விடவில்லை. அவளோடு சேர்ந்த மூன்று பேர் இப்போது ஒன்றாகத்தான் சாப்பிடப் போகிறார்களாம். ஷிஃப்ட் பட்டியலை நான்கு பேரும் கையெழுத்திட்டுக் கேள்வி கேட்கப்போகிறார்கள். நம் ஊர்களில் நர்சிங் படிக்கும் தங்கைகளிடம் இதைப் பேசுங்கள்.

ஜெய்பீம்!