மல்லாந்து உறங்கலும் மருத்துவ மரபும்

கொல்லிமலை என்றதும் மூலிகைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் சித்த மருத்துவம் மருந்தோடு நிற்கவில்லை. உறங்கும் முறையையும் வகுத்தது. நோயணுகா விதியில் தேரையர் இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்கிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலப்பக்கம் சாய்ந்து படுக்கக் கற்பித்ததைப் புகாரியின் தொகுப்பில் காண்கிறோம். எப்பக்கம் சிறந்தது என்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. அவ்வாதத்தில் ஒன்று மறைந்துவிடுகிறது: இரண்டுமே மல்லாந்து படுக்கச் சொல்லவில்லை.

இப்னு சீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலில் இதனை வெளிப்படையாகவே எழுதினார். மல்லாந்த உறக்கம் பக்கவாதத்திற்கும், நம்மூரார் அமுக்குவான் பேய் என்றஞ்சும் 'காபூஸு'க்கும் வழிகோலும் என்றார். மூக்கு, அண்ணம் வழியே வெளியேற வேண்டிய கழிவுகள் பின்புறம் தேங்குவதே காரணம் என்பது அவர் விளக்கம். அவ்விளக்கம் இன்று நிற்காது. ஆனால் நலிந்த நோயாளிகள் தசைத்தளர்ச்சியால் மல்லாந்தும், தாடை தளர்ந்து வாய் திறந்தும் உறங்குவதை அவர் கண்டெழுதியிருப்பது நம்மை வியக்க வைக்கிறது.

உறக்க மூச்சுத்தடை தனி நோயாக இனங்காணப்பட்டது 1965இல்தான். மல்லாந்தால் நாக்கும் மென்அண்ணமும் தம் எடையால் பின்சரிந்து மூச்சுவழியைக் குறுக்குகின்றன. மல்லாந்த நிலையில் மூச்சுத்தடை பக்கவாட்டில் உள்ளதைப்போல் இருமடங்கேனும் இருப்பின், அது படுக்கை நிலை சார்ந்த வகை என 1984இல் ரோசலிண்ட் கார்ட்ரைட் வரையறுத்தார். நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வகையினரே. எப்பக்கம் திரும்பினும் மூச்சு நிற்போரும் உளர்; குறட்டை என்றெண்ணி அவர்களை விட்டுவிடலாகாது. 1981இல் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய காற்றழுத்தக் கருவி அத்தகையோருக்கே பெரிதும் உதவுகிறது.