கேட்டறிந்த சபை: தரங்கம்பாடித் திருச்சபையின் தொடக்க ஆண்டுகள்

1706 ஜூலையில் ஜெர்மானிய லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவர்களை வரவேற்க ஆளில்லை. டேனிஷ் கோட்டையின் தளபதிக்கே அவர்கள் வருகை பிடிக்கவில்லை. மறு ஆண்டு மே மாதம் முதலில் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். செல்வாக்கோ மதிப்போ இல்லாத இந்த இளம் சபை, சுற்றியிருந்த தமிழ்ச் சமூகத்தை எப்படி எட்டியது? அச்சகமும் புதிய ஏற்பாட்டுப் பதிப்புமே இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் காரணங்கள். அவை 1712இலும் அதற்குப் பின்னும் வந்தவை. அவற்றுக்கு முன்பே அச்சபை ஊரிடம் பாடம் கேட்க உட்கார்ந்துவிட்டது என்பதும், அதன் பிற்காலப் பணிகளில் உயிருள்ளவை அனைத்தும் அதிலிருந்தே கிளைத்தன என்பதும் என் வாதம்.

சீகன்பால்கு பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து 1708இல் அவற்றுக்கு ஓர் அட்டவணை எழுதினார். இதைவிட முக்கியமான சான்று, 1712 முதல் 1714 வரை அவரும் சக மிஷனரி குருண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பெற்ற கடிதங்கள். தெய்வங்கள், திருமணம், மருத்துவம் ஆகியவை பற்றி மட்டுமல்லாமல், கிறிஸ்தவ நெறியைப் பற்றித் தமிழர் என்ன எண்ணுகிறார்கள் என்றும் அவர்கள் கேட்டார்கள். அவற்றுள் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில், மிஷனுக்கு ஆதரவளித்த ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறின. தன்னைப் பற்றி அயலார் சொல்லும் குறையை விலைகொடுத்து அச்சிட்ட சபைகள் வரலாற்றில் மிகச் சில.

இது மறுப்பதற்காகக் கேட்ட கேள்விதானே என்று ஆய்வாளர் ஒருவர் தடுக்கலாம். கடிதங்களைத் தேர்ந்தவர்களும் மொழிபெயர்த்தவர்களும் மிஷனரிகளே; அடிக்குறிப்புகளில் அவர்கள் வாதாடவும் செய்கிறார்கள். இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் குடியும் புலாலும் ஒழுங்கின்மையும் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களைத் தமிழர் கண்ணில் எவ்வளவு தாழ்த்தின என்பது அடிக்குறிப்பால் மறைந்துவிடவில்லை. உள்நோக்கம் எதுவாயினும், கேட்டது கேட்டவரை மாற்றியது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் சீகன்பால்கு எழுதி முடித்த நூலை ஹாலே வெளியிடவில்லை. அது 1867இல்தான் சென்னையில் அச்சானது. தன்னை அனுப்பியவர்கள் கேட்க விரும்பியதற்கு அப்பால் அவர் போய்விட்டிருந்தார்.

இரண்டாவது மறுப்பு அன்றே எழுந்தது. கோப்பன்ஹேகன் மிஷன் சங்கத்தின் செயலர் வென்ட், அப்போஸ்தலர் வழியில் போதிக்க வேண்டியவர்கள் பள்ளியும் கட்டடமும் பணமும் என்று அலைவது தகாது எனக் கடிந்தார். இதில் பாதி நியாயம் உண்டு: டென்மார்க், ஹாலே, லண்டன் நன்கொடையை நம்பிய சபை நெடுங்காலம் தன் காலில் நிற்கவில்லை. ஆனால் பள்ளியைப் போதனைக்கு எதிராக நிறுத்தியது பிழை. பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் எழுத்தும் தந்த இடத்தில்தான் ஊரார் சபையை நாள்தோறும் எடைபோட முடிந்தது. போதகர் என்ன சொன்னார் என்பதைவிட, பசித்த பிள்ளையிடம் சபை எப்படி நடந்துகொண்டது என்பதையே ஊர் பார்த்திருக்கும்.

இந்த வாதத்துக்கு உண்மையிலேயே கடினமான சான்று வேறிடத்தில் இருக்கிறது. ஊரிடம் கேட்டறிந்த சபை ஊரின் சாதியையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. ஆலயத்துக்குள் இருக்கைகள் பிரிந்தன. தஞ்சை அரசின் படைவீரராக இருந்து உபதேசியாரான ராஜநாயக்கன், சோர்வறியாமல் ஊர் ஊராக நடந்தவர். பறையர் என்பதால் வேளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்க்க, அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை; 1733இல் வேளாளரான ஆரோனே முதல் தமிழ் லுத்தரன் குருவானார். கேட்பதன் ஆபத்து இதுதான் என்று சிலர் முடிவு கட்டுவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேள்விக் கடிதங்கள் எழுத்தறிந்தவர்களிடமே போயின. சேரியின் குரல் அவற்றில் ஏறக்குறைய இல்லை. சபை அளவுக்கு மீறிக் கேட்டதால் இந்தத் தவறு நேரவில்லை. உள்ளூரில் யாரிடம் கேட்பது என்பதைச் சாதியே தீர்மானிக்க விட்டதால் நேர்ந்தது. ராஜநாயக்கனிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால் வேறொரு விடை வந்திருக்கும்.