உண்டியல் முதல் யூ.பி.ஐ. வரை

கடல் கடந்து பணம் அனுப்பத் தமிழர் கையாண்ட பழைய வழி உண்டியல். பினாங்கில் ஒரு நகரத்தார் கடையில் பணம் கட்டினால், ஊரில் அவருடைய கூட்டாளி உரியவரிடம் கொடுத்துவிடுவார். பணம் கப்பலேறாது, கணக்கு மட்டுமே நகரும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் கீழை மொழி உண்டியல்களை உள்ளூர் வழக்கத்திற்கே விட்டுவைத்தது. பிற்காலச் சட்டங்கள் அவ்வளவு தாராளமானவை அல்ல. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், ரிசர்வ் வங்கியின் அனுமதியின்றி வெளிநாட்டுப் பணத்தைக் கைமாற்றினால் சிறைக்கும் போகலாம். 1999ஆம் ஆண்டின் மேலாண்மைச் சட்டம் சிறைக்குப் பதிலாக அபராதத்தை முன்வைத்தது. உண்டியலுக்கு விலக்குத் தரவில்லை. பணப்பரிமாற்ற அமைப்புகளை நடத்த ரிசர்வ் வங்கியின் ஒப்புதலை 2007ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயமாக்கியது. 2023 பிப்ரவரி 21 அன்று யூ.பி.ஐ., சிங்கப்பூரின் பேநவ் அமைப்போடு இணைந்தது. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் திருவொற்றியூர் வீட்டிற்குக் கைப்பேசியிலேயே பணம் அனுப்பலாம். வீட்டாருக்கு வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். உண்டியல்காரர் அதைக் கேட்டதில்லை.