வரைபடத்துக்கு ஒரு பொது மொழி

பாடியில் 1960களின் தொடக்கத்தில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆலைகள் வந்தன. சுற்றிலும் லேத் பட்டறைகள் பெருகின. ஒரு வரைபடத்தை எந்தப் பட்டறையில் கொடுத்தாலும் அதே பாகம் கிடைக்கும். கோடு, அளவு, குறியீடு எல்லாவற்றுக்கும் பொதுவான இந்தியத் தர விதி இருந்ததே காரணம்.

கட்டட வேலையிலும் அப்படித்தான். டிரேசிங் தாளில் மை பேனாவால் வரைந்து, அம்மோனியா நெடியோடு பிரிண்ட் எடுப்போம். நாற்பது வருடம் கழித்துப் பிரித்தாலும் படிக்கலாம்.

1982இல் ஆட்டோகேட் வந்தது. கையால் ஒரு வாரம் வரைந்தது ஒரே நாளில் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு கோப்பு வடிவம் வைத்துக்கொண்டது. நான் வேலையில் இருந்தபோது, ஒரு கட்டடத்தில் கூடுதல் மாடி எழுப்பக் கேட்டார்கள். பழைய வரைபடம் ஃபிளாப்பியில் இருந்தது. அதைத் திறக்கும் மென்பொருள்தான் எங்குமே இல்லை. கடைசியில் தூணின் பூச்சை உடைத்துக் கம்பியை எண்ணினோம். கட்டடத்தின் ஆயுள் அறுபது வருடம். மென்பொருளுக்குப் பத்து வருடமே அதிகம்!

இதற்கு விடை தேடும் வேலை 1994இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஆட்டோடெஸ்க் நிறுவனம் பன்னிரண்டு நிறுவனங்களைக் கூட்டியது. மறு வருடமே அந்த அமைப்பின் கதவு எல்லோருக்கும் திறக்கப்பட்டது. அதில் பிறந்த பொது வடிவத்தின் பெயர் ஐஎஃப்சி. 2005இல் அமைப்பின் பெயர் பில்டிங்ஸ்மார்ட் என்று மாறியது. 2013இல் ஐஎஃப்சி, ஐஎஸ்ஓ 16739 என்ற முழு உலகத் தரமானது.

இதில் சுவர் என்பது வெறும் இரண்டு கோடு அல்ல. 'இது சுவர், இவ்வளவு தடிமன், இன்ன பொருள், இரண்டாம் மாடி' என்ற விவரங்களும் கூடவே வரும். கோப்பு சாதாரண எழுத்துகளால் ஆனது. நோட்பேடில்கூடத் திறந்து பார்க்கலாம். எழுதும் முறையின் விதிகள் அச்சடித்த புத்தகம் போல வெளிப்படையானவை. இன்னொன்று தெரியுமா? இந்த எழுத்து முறை, இயந்திரப் பாகங்களின் விவரங்களைப் பரிமாற உருவான ஐஎஸ்ஓ 10303 தரத்திலிருந்து எடுத்தது. நம் பாடி ஆலைகளின் தொழில், கட்டடத் தொழிலுக்குக் கொடுத்த சீதனம் என்றே சொல்லலாம்.

சிங்கப்பூர் முந்திக்கொண்டது. 2013இல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கும், 2015இல் 5,000க்கு மேற்பட்டவற்றுக்கும் முப்பரிமாண மாதிரியாக விண்ணப்பிப்பதைக் கட்டாயமாக்கியது. 2023 டிசம்பரில் தொடங்கிய கோர்நெட் எக்ஸ், ஐஎஃப்சி வடிவத்திலேயே வாங்குகிறது. இந்தியாவில் நாக்பூர் மெட்ரோ போன்ற பெரிய திட்டங்கள் மாதிரி முறையில் இறங்கியிருக்கின்றன. சாதாரண அடுக்குமாடிக்கு அது இன்னும் தூரம்தான்.

பாடியிலும் கொரட்டூரிலும் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும் காலம் இது. உங்கள் பிள்ளைகள் வீடு வாங்கினால், சாவியோடு கம்பி விவர வரைபடங்களையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தாளில் ஒரு பிரதி, கணினியில் ஒரு பொது வடிவப் பிரதி. அவர்கள் பிள்ளைகள் காலத்தில் குழாய் மாற்றவோ விரிசலைச் சரிசெய்யவோ வருபவர், சுவரை உடைத்துத் தேட வேண்டியிருக்காது.