ஃபீல்டு டே

ஃபீல்டு டே என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் உள்ள ஹாம் வானொலிச் சங்கங்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தின் நான்காவது முழு வார இறுதியில் நடத்தும் அவசரகாலத் தொலைத்தொடர்புப் பயிற்சியாகும். ஹாம்கள் எனப்படுவோர், வருவாய் நோக்கமின்றி, தேர்வெழுதி அரசின் உரிமம் பெற்று, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் தொடர்புகொள்ளும் தன்னார்வலர்கள் ஆவர். இவர்கள் பூங்கா, குன்று, பள்ளி மைதானம் போன்ற திறந்தவெளிகளில் கூடாரமிட்டு, பேட்டரி, ஜெனரேட்டர், சூரியத் தகடு ஆகியவற்றின் மின்சாரத்தைக் கொண்டே பிற நிலையங்களை அழைப்பார்கள்.

இதை நடத்தும் அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக், செய்திகளை ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு அஞ்சல் முறையில் கடத்தும் நோக்கத்துடன் 1914இல் ஹைரம் பெர்சி மாக்சிம் முதலியோரால் தொடங்கப்பட்டது. முதல் ஃபீல்டு டே 1933 ஜூன் 10, 11 நாட்களில் நடந்தது. லீக்கின் தகவல்தொடர்பு மேலாளர் எஃப். இ. ஹேண்டி அதற்குப் பொறுப்பேற்றிருந்தார். அக்காலக் கருவிகள் உயர் மின்னழுத்தம் வேண்டும் வெற்றிடக் குழாய்களால் இயங்கியமையால், வீட்டு மின்சாரத்தை விட்டு வெளியே வந்து இயக்குவதே தனித் திறனாக இருந்தது. 1936இல் அமெரிக்காவின் வடகிழக்கிலும் 1937இல் ஒஹையோ ஆற்றுப் படுகையிலும் பெருவெள்ளம் தொலைபேசி, தந்திக் கம்பிகளை அறுத்தபோது ஹாம்கள் செய்திகளைக் கடத்தி உதவியதால், இப்பயிற்சியின் தேவை உறுதிப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் ஹாம் ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. அதனால் 1942 முதல் 1945 வரை தடைபட்ட ஃபீல்டு டே, 1946இல் மீண்டும் தொடங்கியது.

இன்றைய விதிப்படி, முன்கூட்டியே நிறுவப்பட்ட நிலையம் 24 மணி நேரமும், நிகழ்வு தொடங்கிய பின்னரே நிறுவப்படும் நிலையம் 27 மணி நேரமும் இயங்கலாம். நிறுவும் பணியில் முதன்மையானது ஆன்டெனா கட்டுவதாகும்: 40 மீட்டர் அலைவரிசைக்கு ஏறத்தாழ 20 மீட்டர் நீளக் கம்பி தேவைப்படுவதால், எடை கட்டிய கயிற்றை மரக்கிளைக்கு மேலாக எறிந்து, அதன் வழியே கம்பியை உயர்த்துவார்கள். தொடர்பு கிடைத்ததும் இரு தரப்பினரும் தத்தம் அழைப்புக்குறி, ஒரே நேரத்தில் இயங்கும் டிரான்ஸ்மிட்டர்களின் எண்ணிக்கை, நிலைய வகை, வட்டாரம் ஆகியவற்றைக் கூறுவர். 'மூன்று ஏ, கனெக்டிகட்' என்பது, மூன்று டிரான்ஸ்மிட்டர்களுடன் களத்தில் இறங்கியுள்ள சங்கம் ஒன்றைக் குறிக்கும்.

புள்ளி வழங்கும் முறையிலும் பயிற்சியின் நோக்கம் தெரிகிறது. குரல்வழித் தொடர்புக்கு 1 புள்ளியும், மோர்ஸ் அல்லது டிஜிட்டல் முறைத் தொடர்புக்கு 2 புள்ளிகளும் உண்டு. 100 வாட்டுக்கு உட்பட்டு இயங்கினால் அத்தொகை இரு மடங்காகும், பேட்டரி அல்லது சூரிய மின்சாரத்தில் 5 வாட்டுக்குள் இயங்கினால் ஐந்து மடங்காகும். செயற்கைக்கோள் வழியாகத் தொடர்புகொள்ளுதல், பொதுமக்கள் எளிதில் வரக்கூடிய இடத்தில் நிலையம் அமைத்தல், மக்கள் பிரதிநிதிகளை அழைத்துக் காட்டுதல் ஆகியவற்றுக்கும் ஊக்கப் புள்ளிகள் உள்ளன. கொரோனா பரவிய 2020இல், பொது மின்சாரத்தில் இயங்கும் வீட்டு நிலையங்கள் தமக்குள் தொடர்புகொண்டாலும் புள்ளி பெறலாம் என்று விதி தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது.

புள்ளிப் பட்டியல் வெளியிடப்பட்டாலும் லீக் இதைப் போட்டியாகக் கருதுவதில்லை. எனினும் சில நொடிகளில் முடியும் குறிப்புப் பரிமாற்றமும், பெயர், முகவரி, தேவை முதலியவற்றைப் பிழையின்றிக் கடத்த வேண்டிய பேரிடர்ச் செய்தியும் ஒன்றல்ல. அக்குறையை ஈடுசெய்யவே, முறையான வடிவில் எழுதப்பட்ட செய்தியை வட்டார மேலாளருக்கு வானொலி வழியே அனுப்பும் நிலையத்துக்கு விதிகள் 100 புள்ளிகள் அளிக்கின்றன.