கணப்பு அடுப்பும் புகையின் கூலியும்

குளிர் நாடுகளில் வீட்டுக் கூடத்தின் சுவரில், தரையை ஒட்டி, பெரிய மாடம் போன்ற ஒரு குழிவு இருக்கும். அதில் விறகை எரித்துக் குளிர் காய்வார்கள். இதற்குக் கணப்பு என்று பெயர். பார்வைக்கு அழகானதுதான். ஆனால் கணப்பைப் போல விறகை வீணாக்கும் அடுப்பு வேறில்லை. எரியும் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அறைக்குக் கிடைக்கிறது. மற்றதெல்லாம் புகையோடு வானத்துக்குப் போய்விடுகிறது.

இந்த இழப்பைத் தடுக்க மனிதன் 250 ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வந்திருக்கிறான். அம்முயற்சியின் ஒரு விளைவே, பழைய கணப்பின் வாய்க்குள் பொருத்தப்படும் இரும்பு அடுப்பு. மேல்நாட்டார் இதை ‘இன்சர்ட்’ என்பர். நாம் செருகு அடுப்பு எனலாம். வெப்பத்தை மிச்சப்படுத்த வந்த இந்த அடுப்பு சில வீடுகளுக்கே தீ வைத்துவிட்டது. அது ஏன்?

புகையைத் தூக்குவது எது?

சூடான காற்று விரிந்து இலேசாகிறது. வெளியே உள்ள குளிர்ந்த காற்று கனமானது. புகைபோக்கிக்குள் நிற்கும் சூடான காற்றுத் தூணை இந்தக் கனமான காற்று கீழிருந்து மேலே தள்ளுகிறது. புகைபோக்கி எவ்வளவு உயரமோ, உள்ளே எவ்வளவு சூடோ, அவ்வளவு வேகமாகப் புகை ஏறும்.

ஆகவே, புகையோடு போகும் வெப்பம் முழுவதும் வீண் அல்ல. அதில் ஒரு பகுதி, புகையை வீட்டுக்கு வெளியே சுமந்து செல்வதற்கு நாம் கொடுக்கும் கூலி. அந்தக் கூலியில் கை வைத்தவர்கள் எல்லோரும் தொல்லைக்கு ஆளாயினர் என்பதே கணப்பின் வரலாறு.

பிராங்கிளினின் அடுப்பு

பதினெட்டாம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் விறகின் விலை ஏறிக்கொண்டிருந்தது. அருகிலிருந்த காடுகள் குறைந்துவிட்டதால் தொலைவிலிருந்து விறகு வர வேண்டியிருந்தது. அந்நகரில் அச்சகம் நடத்திய பெஞ்சமின் பிராங்கிளின் 1740-களின் தொடக்கத்தில் புதிய இரும்புக் கணப்பு ஒன்றை அமைத்து, 1744-இல் அதை விளக்கி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். ஆளுநர் தர முன்வந்த காப்புரிமையை அவர் ஏற்க மறுத்துவிட்டார்.

அந்த அடுப்பில் புகை நேரே மேலே போகாது. ஓர் இரும்புக் காற்றுப் பெட்டியின் மேல் ஏறி, பின்புறமாகக் கீழிறங்கி, தரைக்கடியில் சென்று, அதன் பிறகே புகைபோக்கியை அடையும். வழியில் அதன் வெப்பம் இரும்புக்கும், இரும்பிலிருந்து அறைக்கும் வந்து சேரும். சிறந்த எண்ணந்தான். ஆனால் அடுப்பு நன்றாகச் சூடேறாதபோது புகை கீழிறங்க மறுத்து அறைக்குள் திரும்பியது. கூலி போதவில்லை! பின்னால் வந்தவர்கள் புகையின் இறங்குவழியை நீக்கிவிட்டே இவ்வகை அடுப்பைப் பரப்பினர்.

நெருப்பின் ஆபத்தைப் பிராங்கிளின் உணராதவர் அல்லர். புகைபோக்கிகளை ஒழுங்காகத் துடைக்க வேண்டும் என்று 1735-லேயே தம் செய்தித்தாளில் வற்புறுத்தியவர் அவர். மறு ஆண்டே நண்பர்களைத் திரட்டித் தீயணைப்புக் குழு ஒன்றையும் அமைத்தார்.

ரம்போர்டு கண்ட வழி

வெப்ப ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ரம்போர்டு பிரபு வேறு வழியில் சிந்தித்தார். 1796-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: கணப்பின் தொண்டை அளவுக்கு மீறி அகன்றிருக்கிறது. அதன் வழியே அறையின் சூடான காற்றும் சேர்ந்து ஓடிவிடுகிறது. எனவே தொண்டையை 4 அங்குல அகலத்துக்குக் குறுக்க வேண்டும். பக்கச் சுவர்களைச் சாய்வாகக் கட்டினால் அவை வெப்பக் கதிர்களை அறைக்குள் திருப்பிவிடும்.

செங்கல்லும் சாந்தும் கொண்டே செய்யக்கூடிய இந்த மாற்றத்தால் வெப்பம் கூடியது, புகையும் அடங்கியது. அறைக் காற்றைத்தான் அவர் மிச்சப்படுத்தினார். புகையின் கூலியில் கை வைக்கவில்லை.

ஆயினும் புகைபோக்கியைத் துடைக்கும் வேலை குறையவில்லை. இங்கிலாந்தில் சிறுவர்களைக் குறுகிய புகைபோக்கிகளுக்குள் ஏற்றிக் கரியைச் சுரண்ட வைத்தார்கள். இத்தொழில் செய்தவர்களுக்கு வந்த ஒருவகைப் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று 1775-இல் மருத்துவர் பெர்சிவால் பாட் எழுதினார். ஆனால் 1875-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே அக்கொடுமை முடிவுக்கு வந்தது.

எண்ணெய் நெருக்கடி

காலப்போக்கில் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. கணப்பு வெறும் அலங்காரம் ஆயிற்று. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியபோது, சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. அமெரிக்க மக்கள் பலர் மீண்டும் விறகை நாடினர். அப்போதுதான் செருகு அடுப்பு பரவியது.

அது கதவுள்ள இரும்புப் பெட்டி. காற்று வரும் துளையை வேண்டியபடி கூட்டலாம், குறைக்கலாம். இரவில் காற்றைக் குறைத்துவிட்டால் விறகு விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். ஆபத்தும் இங்குதான் தொடங்கிற்று.

காற்று குறைந்தால் விறகு முழுமையாக எரியாது. புகையில் தாரின் ஆவி மிகுதியாக இருக்கும். அடுப்பின் புகைவாய் வழக்கமாக 6 அங்குல விட்டமுள்ளது. பழைய புகைபோக்கி 12 அங்குலச் சதுரம் என்றால், அதன் பரப்பு புகைவாயைப் போல் 5 மடங்கு. பலர் இரண்டையும் இணைக்காமல் அடுப்பை அப்படியே உள்ளே தள்ளிவிட்டனர். அகன்ற கூட்டுக்குள் நுழைந்த புகை மெதுவாக ஏறிக் குளிர்ந்தது. குளிர்ந்த மூடியில் நீராவி துளியாவது போல, தார் ஆவி சுவரில் படிந்தது. இப்படிவுக்குக் கிரியோசோட்டு என்று பெயர். நாளடைவில் அது கண்ணாடி போல் இறுகிவிடும். எளிதில் தீப்பற்றும். பற்றினால் வெப்பம் 1000 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டக்கூடும். சுடுமண் குழாய் வெடிக்கும். அந்த விரிசல் வழியே நெருப்பு வீட்டின் மர உத்தரங்களை எட்டும்.

பாதுகாப்பான முறை

காரணம் தெரிந்ததும் பரிகாரமும் தெளிவாயிற்று. முதலில், புகைபோக்கியில் விரிசல் இருக்கிறதா என்று தேர்ந்தவரைக் கொண்டு சோதித்து, பழைய படிவைத் துடைக்க வேண்டும். பிறகு அடுப்பின் புகைவாயிலிருந்து உச்சிவரை, அதே விட்டமுள்ள எவர்சில்வர் குழாயைப் பொருத்த வேண்டும். அதைச் சுற்றி வெப்பக்காப்பு உறை இட்டால் புகை சூடாகவே வெளியேறும். குழாய்க்கும் பழைய சுவருக்கும் இடையிலுள்ள வெளியைத் தொண்டையருகே தகட்டால் மூட வேண்டும்.

அடுப்பின் முன் தரை எரியாப் பொருளால் அமைய வேண்டும். மர வேலைப்பாடுகள் தயாரிப்பாளர் குறித்த தூரத்தில் நிற்க வேண்டும். தொடர்ந்து சூடுபடும் மரம் நாளடைவில் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றும் தன்மை பெறுகிறது. எனவே இன்று கெடுதி இல்லை என்பதால் நாளையும் இராது என்று எண்ணக்கூடாது.

விறகில் ஈரம் 20 சதவிகிதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். பச்சை விறகின் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகி, புகையையும் குளிர்விக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சோதனை தேவை. படிவு 3 மில்லிமீட்டர் ஆனால் துடைத்தாக வேண்டும். புகை திரும்பினால் அதனுடன் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகையால் அதை உணர்ந்து ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியும் வீட்டில் இருக்க வேண்டும்.

அடுப்பும் மாறியது. விறகடுப்புகளின் புகைக்கு அமெரிக்க அரசு 1988-இல் வரம்பு விதித்தது. 1990-இல், வினையூக்கி இல்லாத அடுப்பு மணிக்கு 7.5 கிராமுக்கு மேல் புகைத்துகள் விடக்கூடாது என்றாயிற்று. 2020-இல் அவ்வரம்பு 2 முதல் 2.5 கிராமாகக் குறைந்தது. இதற்கேற்ப, புகையை அடுப்புக்குள்ளேயே மறுபடி எரிக்கும் அமைப்புகள் வந்தன. புகையே எரிந்துவிட்டால் வெப்பமும் கூடுகிறது, தாரும் குறைகிறது.

அடுப்பைக் கடையில் வாங்கலாம். ஆனால் அது தனித்து வேலை செய்வதில்லை. அதன் மேற்பாதி புகைபோக்கிதான். இரண்டும் ஒன்றாகப் பொருந்தி, புகைக்கு உரிய கூலி கிடைக்கும்போதுதான், மிச்சமாகும் வெப்பம் உண்மையில் மிச்சமாகும்.